உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயும் மாட்டு மருந்து பட்ட பூனையும்: ஒரே வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைப் புறநகரில் ஒரு தனி வீடு. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகன், கணவரின் அம்மா என நான்கு பேர். கூடவே நான்கு வயது நாட்டுக் கலப்பு ஆண் நாய் (18 கிலோ), கருத்தடை செய்த இரண்டு வயதுப் பெண் பூனை (3.2 கிலோ). வீட்டின் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வண்டி நிறுத்துமிடம். அதன் சுவர் ஹாலோ பிளாக். பூச்சு வேலை நடக்கவில்லை. நாய் பகலில் அங்கேதான் படுக்கும். இரவில் வீட்டுக்குள் பாட்டியின் கட்டிலடியில் ஒரு சாக்கு. அதே சாக்கில் நாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பூனையும் தூங்கும். இந்தப் படுக்கைப் பழக்கம் பின்னால் முக்கியமாகிறது.

மார்ச் கடைசியில் நாயின் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணி தெரிந்தது. வழக்கமான வைத்தியங்கள் நடந்தன: கையால் பிடுங்கித் தரையில் போடுவது, வேப்பெண்ணெய் தடவுவது, சாக்குக்கு அடியில் பாச்சா உருண்டை வைப்பது. இவற்றில் எதுவும் உண்ணியைக் குறைக்கவில்லை. பிடுங்கிப் போட்ட பெண் உண்ணி சாகாமல் சுவரிடுக்கில் ஏறி முட்டை வைக்கும். பாச்சா உருண்டை உண்ணியை ஒன்றும் செய்யாது. அதன் ஆவி பூனைக்குத்தான் கெடுதல்.

ஏப்ரல் முதல் வாரம் நாய் சாப்பாட்டைக் குறைத்தது, உடம்பு சுட்டது. அருகில் ஓரிடத்தில் மூன்று நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கி, நாய் எழுந்து நடமாடியது. இரத்தப் பரிசோதனை நடக்கவில்லை. காய்ச்சல் விட்டதும் சிகிச்சையும் நின்றது.

மாட்டு மருந்து

ஏப்ரல் நான்காம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்வீட்டில் மாடு உண்டு. உண்ணி அங்கிருந்துதான் வருகிறது என்று குடும்பம் நம்பியது. மாடு வைத்திருப்பவர், தன் மாட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சைபர்மெத்ரின் 10 சதவீத மருந்தைக் கொடுத்தார். மாட்டுக்கு இதை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்ற கணக்கில் கலப்பார்கள். இங்கே அரை வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றப்பட்டது. அந்த மூடி எத்தனை மில்லி பிடிக்கும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. நாயை அதில் நனைத்து, அலசாமல் அப்படியே வெயிலில் காயவிட்டார்கள்.

நாய்க்குக் கொஞ்ச நேரம் எச்சில் வடிந்ததோடு சரி. சாயங்காலம் அரைகுறையாகக் காய்ந்த உடம்போடு அது சாக்கில் வந்து படுத்தது. பூனையும் வழக்கம்போலப் பக்கத்தில் போய், அதன் கழுத்தை நக்கிக்கொடுத்துவிட்டுத் தூங்கியது.

இரவு பதினொரு மணி வாக்கில் பூனையின் காதுகள் துடித்தன. ஈரத்தில் கால் வைத்ததுபோல் முன்னங்கால்களை மாறிமாறி உதறியது. வாயில் நுரை. பாட்டி மோர் புகட்டப் பார்த்தார். பாதி வெளியே வந்துவிட்டது. விடியற்காலை உடம்பு முழுக்க நிற்காத நடுக்கம்.

பூனையிடம் கண்டவையும் செய்தவையும்

காலை ஆறரை மணிக்குக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது பூனைக்கு நினைவு இருந்தது, ஆனால் நிற்க முடியவில்லை. தோல் சுண்டிச்சுண்டி இழுத்தது. ஆசனவாய் வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட். தசை இடைவிடாமல் நடுங்குவதால் ஏறிய சூடு அது. கிருமிக் காய்ச்சல் அல்ல. பூனை எந்த மருந்தையும் குடிக்கவில்லை, பூனைக்கு எதுவும் பூசவில்லை என்று குடும்பத்தினர் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். "நாய்க்கு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் மருந்துப் புட்டி பேச்சுக்கு வந்தது.

பைரத்ராய்டு வகை மருந்துகளை நாயின் ஈரல் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அந்த வேலைக்கான நொதித்திறன் மிகக் குறைவு. அதனால் நாய் தாங்கும் அளவு பூனைக்கு நஞ்சாகிறது. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

எடுத்த முடிவுகள் இவை. முதலில் தசையைத் தளர்த்தும் மெத்தோகார்பமால் ஊசிவழியாக, கிலோவுக்கு 50 மில்லிகிராம், பாதியை மெதுவாக ஏற்றி நடுக்கம் தளர்வதைப் பார்த்து மீதியை ஏற்றுவது. டயஸிபாம் மட்டும் போட்டால் இந்த நடுக்கம் பெரும்பாலும் அடங்குவதில்லை. அதனால் அதை வலிப்பு வந்தால் போட எடுத்து வைத்தார்கள். அட்ரோபின் போடவில்லை. பூச்சிமருந்து என்றதும் அட்ரோபினைத் தேடும் பழக்கம் பரவலாக உண்டு. அது ஆர்கனோபாஸ்பேட் என்ற வேறு வகைப் பூச்சிமருந்தின் நஞ்சுக்கானது, பைரத்ராய்டுக்கு முறிவு மருந்து அல்ல.

நடுக்கம் சற்று அடங்கிய பிறகே குளிப்பாட்டினார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், கழுத்திலிருந்து வால்வரை இரண்டு முறை. இங்கே வெந்நீரும் ஆகாது, பச்சைத் தண்ணீரும் ஆகாது. வெந்நீர் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். குளிர்ந்த நீரில் உடல் வெப்பம் சரிந்தால் நஞ்சின் வேகம் கூடும். துவட்டி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வெப்பத்தை அரைமணிக்கொரு தடவை பார்த்தார்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. நடுங்கும் பூனைக்குப் புகட்டுவது மோரானாலும் பாலானாலும் எண்ணெயானாலும் நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு.

மறுநாள் மாலை காது துடிப்பு மட்டும் மிச்சம். மூன்றாம் நாள் எழுந்து மீனைச் சாப்பிட்டது. மருந்து பூசிய நாயைத் திரும்பச் சோப்புப் போட்டு அலசும்வரை, சாக்கைத் தூக்கி எறியும்வரை, பூனையை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று முடிவானது. அலசுவதற்காக நாயைக் கொண்டுவரச் சொன்னதில்தான் இரண்டாவது விஷயம் வெளியே வந்தது.

நாயிடம் கண்டவை

குடும்பத்தின் கண்ணில் நாய் நன்றாக இருந்தது. "கொஞ்சம் சோர்வா இருக்கான், வெயில்னால இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். ஈறு வெளுத்திருந்தது. மடக்கிப் படுத்திருந்த நாயைப் புரட்டியபோது, அடிவயிற்றின் முடியில்லாத இடத்தில் குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தியும் மறையவில்லை. அழுத்தினால் மறைவது ஒவ்வாமைச் சிவப்பு. மறையாதது தோலுக்கடியில் கசிந்த இரத்தம். முந்தின வாரம் தும்மும்போது மூக்கிலிருந்து இரண்டு சொட்டு இரத்தம் விழுந்ததை மகன் பார்த்திருக்கிறான். கேட்ட பிறகுதான் சொன்னான். கழுத்து, முழங்கால் நெறிகள் வீங்கியிருந்தன. வெப்பம் 103.6 (நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 வரை).

இரத்தத்தில் தட்டணுக்கள் 38,000. இயல்பில் இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாது. இரத்தச் செல் பருமன் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 27 சதவீதம். இயல்பு 37க்கு மேல். கருவி காட்டும் தட்டணுக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. குழாயில் தட்டணுக்கள் திரண்டு நின்றாலும் எண்ணிக்கை குறைவாக வரும். கண்ணாடித் தகட்டில் இரத்தம் இழுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். திரள் இல்லை, குறைவு உண்மையானது. சிவப்பணுக்களுக்குள் உண்ணி பரப்பும் ஒட்டுண்ணியான பேபீசியா தென்படவில்லை. வெள்ளணுவுக்குள், இதுவும் உண்ணி பரப்பும் பாக்டீரியாவான எர்லிக்கியாவின் முளைத்திரளும் (கிருமிக் கொத்து) தென்படவில்லை. அது கிடைத்தால் நோய் உறுதி, கிடைக்காததால் நோய் இல்லை என்றாகாது. எர்லிக்கியா எதிர்ப்பொருள் பரிசோதனைப் பட்டையில் கோடு விழுந்தது. உண்ணி, காய்ச்சல், தட்டணுச் சரிவு, நெறிவீக்கம், எதிர்ப்பொருள் எல்லாம் ஒரே திசையைக் காட்டியதால் எர்லிக்கியா கேனிஸ் என்று வைத்துச் சிகிச்சை தொடங்கியது.

ஏப்ரல் தொடக்கத்துக் காய்ச்சலும் இதேதான் என்பதே நம் கணிப்பு. இந்த நோயில் முதல் காய்ச்சல் சில வாரங்களில் தானாகவே தணிவதுண்டு. கிருமி மண்ணீரலில் தங்கிவிடும். ஊசியால் குணமானது போலத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிகிச்சை முடிவுகள்

டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து, கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அளவில். 18 கிலோவுக்குக் காலையில் 100, இரவில் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல். மொத்தம் 28 நாள், 56 கேப்ஸ்யூல். இவை ஒரே தடவையில் எழுதித் தரப்பட்டன. பத்து கேப்ஸ்யூல் அட்டை ஒன்று முடிவதற்குள் நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும். அங்கேதான் பெரும்பாலான வீடுகளில் மருந்து நிற்கிறது.

தட்டணு தேறும்வரை தசையில் ஊசி போடவில்லை. இடமே இரத்தக் கட்டியாகும். வலி, காய்ச்சலுக்கான மெலாக்சிகாம் வகையும் வேண்டாம் என்று முடிவு. அவை இரைப்பையில் இரத்தக் கசிவைத் தூண்டும். வீட்டில் பாராசிட்டமால் கொடுக்கும் எண்ணம் இருந்தது, அதுவும் தடுக்கப்பட்டது. நாய்க்கே அளவு தவறினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரு மாத்திரை உயிரையே எடுக்கும். நாயின் தட்டில் மிச்சமிருப்பதைப் பூனை சாப்பிடும் வீடு இது. ஸ்டீராய்டு பற்றிப் பேச்சு வந்தது. இரத்தக் கசிவு கூடினால் மட்டும் குறைந்த அளவில், சில நாளுக்கு என்று ஒத்திவைக்கப்பட்டது, தேவைப்படவில்லை.

உண்ணிக்கு ஃப்ளூராலனர் மெல்லும் மாத்திரை, 500 மில்லிகிராம், சாப்பாட்டோடு. ஐந்தாம் நாள், நாய் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு. வலிப்பு வந்த வரலாறு உண்டா என்று முதலில் கேட்கப்பட்டது. இந்த வகை மாத்திரைகள் வலிப்புள்ள நாய்களுக்கு ஏற்றவை அல்ல. மலிவாகக் கிடைக்கும் அமிட்ராஸ் திரவம் ஏன் வேண்டாம் என்றால் பதில் பூனைதான். அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. ஒரே படுக்கையில் தூங்கும் வீட்டில் நாயின் தோலில் பூசுவது எல்லாம் பூனையின் நாக்குக்கும் போகும். வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் சேரும் மருந்தில் அந்தச் சிக்கல் இல்லை. விலை கூடுதல்தான், பூனைக்கு ஆன மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டதும் வீட்டார் ஒத்துக்கொண்டார்கள்.

சாப்பாடும் மாத்திரையும்

முதல் வாரத்திலேயே சிக்கல் வந்தது. மூன்றாம் நாள் நாய் கேப்ஸ்யூலை வாந்தி எடுத்தது. விசாரித்ததில், வெறும் வயிற்றில் பப்பாளி இலைச் சாறு, அதன்மேல் கேப்ஸ்யூல், அதற்கும் மேல் இரும்புச்சத்து டானிக். டெங்குவுக்கு நல்லது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பாட்டி நாய்க்கும் கொடுத்திருக்கிறார். அக்கறையில் குறையில்லை. ஆனால் அந்தக் கசப்புச் சாறு வயிற்றைப் புரட்டி, வேலை செய்ய வேண்டிய மருந்தையும் வெளியே தள்ளியது. இரும்பு டாக்சிசைக்ளினோடு குடலிலேயே பிணைந்துகொண்டு அதை இரத்தத்தில் சேரவிடாது. இந்த நாயின் சோகை இரும்புக் குறைவால் வந்ததும் அல்ல. சாறு, டானிக் இரண்டும் நின்றன.

புது ஏற்பாடு: முதலில் சாப்பாடு, சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு கோழித்துண்டுக்குள் கேப்ஸ்யூல், கடைசியில் கொஞ்சம் தண்ணீர். கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அங்கே புண்ணாக்கும்; தண்ணீர் அதற்காகத்தான். பாலும் தயிரும் மருந்துக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. கால்சியமும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். தயிர்சாதத்தில் மாத்திரையைப் பிசைந்து கொடுக்கும் வழக்கம் இந்த மருந்துக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. தெம்புக்காக ஆட்டுக்கால் சூப்பு கொடுத்துவந்தார்கள், மனிதர்களுக்கு வைப்பதுபோலவே சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு. வெங்காயக் குடும்பம் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. ஏற்கெனவே சோகையில் இருக்கும் நாய்க்கு இது இரட்டை அடி. மாற்றாக எலும்பில்லாத கோழியும் சோறும், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்தது, நாளொன்றுக்கு மூன்று வேளையாக. காலையில் ஒரு அவித்த முட்டை.

வீட்டைப் பார்த்ததில்

இரண்டாம் வாரம் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்ததே இந்த நிகழ்வின் திருப்பம். தரையில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டி தினமும் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார். டார்ச் விளக்கைக் கீழே அல்ல, மேலே அடிக்க வேண்டியிருந்தது. நாய் உண்ணி குடித்து முடித்ததும் செங்குத்தாக ஏறும் பழக்கமுள்ளது. வண்டி நிறுத்துமிடத்தில் ஹாலோ பிளாக் இணைப்புகளில் சிமெண்ட் விட்டுப்போன ஓட்டைகள், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மடிப்புகள், நிலைக்கட்டைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி, சுவிட்ச் போர்டின் ஓரம். வீட்டுக்குள், கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால், ஆமணக்கு விதை போல உப்பிய சாம்பல்நிறப் பெண் உண்ணி இரண்டு. அவற்றின் தலைமாட்டில் பழுப்பு முட்டைக் குவியல். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும்.

இந்த உண்ணிக்கு மூன்று பருவம்: ஆறு கால் குஞ்சு, எட்டு கால் இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி. மூன்றுமே நாயின்மேல்தான் குடிக்கும். ஒவ்வொரு முறையும் சில நாள் குடித்துவிட்டு இறங்கி, இடுக்கில் தோல் உரித்து மறுபடி ஏறும். ஆக, வாழ்நாளின் பெரும்பகுதி சுவரில். நாயின்மேல் கண்ணுக்குப் படுவது கொஞ்சம்தான். வளர்ந்த உண்ணி குடிக்காமல் பல மாதம் இடுக்கில் காத்திருக்கும்.

பின்வீட்டு மாட்டின்மேல் பழி தவறு. மாட்டு உண்ணி வேறு இனம். அது குஞ்சிலிருந்து வளரும்வரை ஒரே மாட்டின்மேலேயே இருந்து, முட்டையிட மட்டும் இறங்கும். இந்த வீட்டுக்கு உண்ணி வந்த வழி கேட்டடியில் தெரிந்தது. பாட்டி சோறு வைக்கும் இரண்டு தெரு நாய்கள் அங்கே படுக்கின்றன. இரண்டின் காதுகளிலும் உண்ணி.

செய்த வேலைகள், வரிசையில்:

முதலில் கொத்தனார் ஒருவரை வைத்து ஹாலோ பிளாக் இணைப்புகளைச் சிமெண்ட்டால் அடைத்தது. அதற்கு முன் இடுக்குகளைக் கம்பியால் சுரண்டி, விழுந்ததைச் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளினார்கள். காலண்டர், பழைய அட்டைப்பெட்டிகள் எரிக்கப்பட்டன. ஏற்கெனவே தூக்கி எறிந்த சாக்குக்குப் பதில் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசக்கூடிய பருத்தித் துணி.

பிறகு பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை வைத்து இடுக்குகளுக்கு மட்டும் டெல்டாமெத்ரின் தெளிப்பு. பூனைக்கு ஆகாத அதே குடும்ப மருந்தை ஏன் தெளித்தோம் என்ற கேள்வி நியாயமானது. ஈரமாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். அதனால் ஒவ்வொரு தெளிப்புக்கும் பூனை இரண்டு நாள் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனது. காய்ந்த பிறகு தரையை மட்டும் துடைத்து, அதன்பின் திரும்பக் கொண்டுவந்தார்கள். முட்டையை இந்த மருந்து அழிப்பதில்லை. ஆகவே இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. இவ்வகை மருந்துகளுக்கு உண்ணிகள் பழகிப்போவது இந்தியாவில் பதிவாகியுள்ளது. தெளிப்பை மட்டும் நம்பியிருந்தால் வேலை நடந்திருக்காது. நம் கணக்கில் கொத்தனாரின் ஒரு நாள் வேலைக்கே பங்கு அதிகம்.

பின்னர் நடந்தது

நாய் ஏழாம் நாள்: தட்டணு 1,40,000, வெப்பம் இயல்பு. இருபத்தெட்டாம் நாள்: 2,80,000, செல் பருமன் 38 சதவீதம்.

ஐந்தாம் வாரம் பதற்றத்தோடு அழைப்பு வந்தது: "மாத்திரை வேலை செய்யலை, நாய்மேல மறுபடி உண்ணி". அனுப்பிய படத்தில் காதோரம் கடுகைவிடச் சிறிய குஞ்சுகள். சுவரில் மிச்சமிருந்த முட்டைகள் பொரித்ததன் விளைவு இது. ஃப்ளூராலனர் உண்ணியை விரட்டாது. உண்ணி ஏறி, கடித்து, குடித்த பிறகே அது சாகும். ஆகவே நாயின்மேல் உண்ணி தெரிவதை வைத்து மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. மறுநாள் அதே இடத்தைப் பார்க்கச் சொன்னோம். காய்ந்து சுருங்கியவை கையோடு உதிர்ந்தன. மருந்து நாய்மேல் இருக்கும்வரை, வீட்டிலிருக்கும் உண்ணி ஒவ்வொன்றும் கடைசியில் அதன்மேல் ஏறித்தான் சாக வேண்டும். பன்னிரண்டாம் வாரம் இரண்டாவது மாத்திரை. ஐந்தாம் மாதம் டார்ச் அடித்துப் பார்த்ததில் சுவரில் உயிருள்ள உண்ணி இல்லை.

எதிர்ப்பொருள் பட்டையை மூன்றாம் மாதம் வேறோரிடத்தில் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். கோடு விழுந்தது, மறுபடி 28 நாள் மருந்து என்று எழுதியும் வாங்கிவிட்டார்கள். கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் பல மாதம், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தட்டணு இயல்பாக, நாய் நன்றாக இருந்ததால் அந்தச் சுற்று தொடங்கவில்லை. குணமானதைப் பார்க்கத் தட்டணுக் கணக்கு போதும். சந்தேகம் இருந்தால் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை.

பூனைக்கு நடுக்கம் அடங்கி மூன்று வாரம் கழித்து, பூனைக்கென்றே வரும் 0.5 மில்லி ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, பிடரியில் நாக்கு எட்டாத இடத்தில். எந்தக் கோளாறும் இல்லை.

மாற்ற வேண்டியவை

உண்ணியோடு காய்ச்சலும் வந்தால் முதல் நாளிலேயே தட்டணுக் கணக்கும் இரத்தத் தகடும் பார்த்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே 28 நாள் மருந்து தொடங்கியிருந்தால் சோகைவரை போயிருக்காது.

உண்ணி மருந்து எழுதும் சீட்டில் "வீட்டில் பூனை உண்டா?" என்ற வரி இப்போது அச்சடித்தே வைக்கப்பட்டுள்ளது. மருந்து பட்ட பூனையோடு வருபவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் மாறியிருக்கிறது: பூனைக்கு என்ன போட்டீர்கள் என்பதோடு, கடந்த மூன்று நாளில் வீட்டில், நாய்மேல், சுவரில் என்ன தெளித்தீர்கள் என்பதும் சேர்த்து.

நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் புதுக் குஞ்சுகள் தெரியும் என்பதை முதல் நாளே எழுதித் தந்திருந்தால் ஐந்தாம் வாரத்துப் பதற்றத்தைத் தவிர்த்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை இரண்டாம் வாரம்வரை தள்ளிப்போட்டதும் சரியல்ல. அதற்குள் இன்னும் சில பெண் உண்ணிகள் முட்டையிட்டிருக்கும்.

கேட்டடித் தெரு நாய்கள் இரண்டில் ஒன்று பாட்டியின் கையிலிருந்து கோழித்துண்டு வாங்கிச் சாப்பிடும். அதன் எடையை ஒத்த அளவில் மாத்திரை கொடுத்தாயிற்று. மற்றது ஆள் நெருங்கினாலே ஓடுகிறது. அதை வழிக்குக் கொண்டுவரும்வரை வீட்டு நாயின் பன்னிரண்டு வார மாத்திரை ஒன்றுகூடத் தவறக் கூடாது. கேட்டுக்குள் சோறு வைக்கும் இடமும் தெருவின் எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடிக்கு மாற்றப்பட்டுள்ளது.